கரிசலும் சாரலும் தேநீர் அபராதமும்

ஜூலை 11, வெள்ளி – கோவில்பட்டி

ஆனி மாதக் காற்று கோவில்பட்டியில் சும்மா வீசுவதில்லை. மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கண்ணில் போடுகிறது. ரயிலை விட்டு இறங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நால்வர் முகமும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டது.

மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறவர்கள் நாங்கள். ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அக்காவுக்கு வங்கியில் வேலை. பேச்சு குறைவு, படிப்பு அதிகம். தம்பி மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலைப் படித்தாயிற்றா என்று கேட்பது அவன் வழக்கம். எனக்குப் பிழை திருத்தும் வேலை. கடைப் பெயர்ப்பலகைகளையும் விட்டுவைக்க மாட்டேன். கரிசல் எழுத்தாளர்களின் ஊர்களைப் பார்த்துவிட்டு, நெல்லை வழியாகக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டுத் திரும்புவது என்று பேச்சு.

புறப்படும் முன்பே ஐயா ஒரு சட்டம் போட்டுவிட்டார். யாருக்கு எந்த நூலைச் சிபாரிசு செய்தாலும் 'அருமை', 'அற்புதம்', 'கட்டாயம் படியுங்கள்' என்றெல்லாம் சொல்லக் கூடாது. கதையையும் சொல்லக் கூடாது. நூலைத் திறந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டலாம், அதோடு சரி. மீறினால் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். தம்பி ரயில் நிலைய வாசலிலேயே அறுபது ரூபாய் அழுதான்.

சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கூட்டங்களில் ஆளுக்கு ஒரு பட்டியலை நீட்டுவோம். பயபக்தியோடு குறித்துக்கொள்வோம். அந்தக் காகிதத்தைப் பிறகு யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஐயா 'புயலிலே ஒரு தோணி'யைப் படிக்காமல் வைத்திருப்பதே, எல்லோரும் படி படி என்று உயிரை எடுத்ததால்தானாம். தமிழ் படித்து, தமிழ் கற்பித்து, எழுபதைத் தாண்டிய மனிதரின் வீம்பு இது.

மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, 100 ரூபாய். ஐயா இலைக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்ததும் பரிமாறுகிறவர் வாளியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்துப் போய்க் கல்லாவில் வைத்தார். “குழம்பு பட்டால் போகாது, ஐயா. கை கழுவிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ரசம் வந்தது.

கை கழுவிவிட்டுக் கடலைமிட்டாய் வாங்கப் போனோம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய். பாகு பதமாக இருந்தால் பல்லில் ஒட்டாமல் நொறுங்க வேண்டும் என்று கடைக்காரர் உடைத்துக் காட்டினார். அதைக் கடித்துக்கொண்டே ஐயா விரல் விட்டு எண்ணினார்: கு. அழகிரிசாமிக்கு 1970, கி. ராஜநாராயணனுக்கு 1991, பூமணிக்கு 2014, சோ. தர்மனுக்கு 2019. இந்த ஒரு ஊரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டுக்கு மட்டும் இத்தனை சாகித்திய அகாதெமி. மழைதான் வருவதில்லை.

இரவு விடுதி மொட்டை மாடியில் ஐயா சோ. தர்மனின் 'சூல்' நாவலிலிருந்து கண்மாய் வரும் ஒரு பக்கத்தை வாசித்தார். காற்று தாளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு பக்கத்தில் கண்ணாடிக் கூட்டையும் மறுபக்கத்தில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தையும் பாரமாக வைத்து, குரலை உயர்த்தாமல் படித்தார். நாவலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

ஜூலை 12, சனி – இடைசெவல், எட்டயபுரம்

இடைசெவலுக்கு டவுன் பஸ். அக்காவுக்கும் எனக்கும் இலவசம். ஐயாவும் தம்பியும் காசு கொடுத்தார்கள். “பெண்கள் இன்னும் நிறையப் படிக்கலாமே, மிச்சக் காசில் புத்தகம் வாங்கி” என்றார் ஐயா. நடத்துனர் ஐயாவின் பையைப் பார்த்துவிட்டு, “நைனா வீட்டுக்கா?” என்று கேட்டார். கி.ரா.வுக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.

கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையில், நாற்கரச் சாலையை ஒட்டிய சிறிய ஊர். லாரிகளின் இரைச்சலைத் தாண்டி உள்ளே நடந்தால் வெயிலும் கருவேலமும்தான். கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கிறது. ஒரு வெடிப்பில் தம்பி கையை விட்டான், மணிக்கட்டு வரை போயிற்று. இந்த ஊரில்தான் 1923ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஒரு வார இடைவெளியில், கி.ரா.வும் அழகிரிசாமியும் பிறந்தார்கள். அழகிரிசாமி சென்னை, மலேயா என்று பத்திரிகை வேலைக்குப் போனார். கி.ரா. இங்கேயே விவசாயம் பார்த்தார். எழுத உட்கார்ந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. இடையில் ஓடிய கடிதங்கள் நூலாகவே வந்திருக்கின்றன. சங்கீதம், படித்த புத்தகம், பார்த்த மனிதர்கள் எல்லாம் அதில் உண்டு. சிபாரிசு என்றால் எனக்கு அந்தக் கடிதங்கள்தான். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதியவை.

தேநீர்க் கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நைனா எழுதியதில் பாதி நாங்கள் சொன்னதுதான். நாங்கள் சொன்னால் யார் கேட்டார்கள்? அவர் எழுதினால் நீங்கள் ரயிலேறி வருகிறீர்கள்.” அவர் ஒன்றும் படித்ததில்லையாம். பிறகு தானாகவே, “அழகிரிசாமியை இப்போது யாராவது படிக்கிறார்களா?” என்று கேட்டார்.

அக்கா பையிலிருந்து கதைத் தொகுப்பை எடுத்தார். அவர் வாசித்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. 'அன்பளிப்பு' கதையில் குழந்தைகள் புத்தகம் கேட்டு மொய்த்துக்கொள்ளும் இடம். அக்காவின் குரல் வங்கிக் கவுன்டரில் பேசுவதைப் போலவே ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தது. அது அந்தக் கதைக்குப் பொருத்தமாகவும் இருந்தது. பெரியவர் காதை மடக்கிப் பிடித்துக் கேட்டார். ஒரு பக்கம் முடிந்ததும் அக்கா நிறுத்தினார். சட்டம் அப்படி.

“அப்புறம்?” என்றார் பெரியவர்.

சட்டத்தைச் சொன்னோம். “அது உங்களுக்கு. எனக்கு என்ன வந்தது?” என்றார். அக்கா முழுக் கதையையும் படிக்க வேண்டியதாயிற்று. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகமாகக் கொடுத்துப் பழக்கிய ஒருவர், புத்தாண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவன் என்ன செய்தான் என்பதைச் சொன்னால் எனக்கும் அபராதம் விழும். அந்த இடத்துக்கு வந்தபோது அக்கா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கடைக்காரர் அடுப்பைத் தணித்திருந்தார். பெரியவர், “பிள்ளைகளில் ஒருத்தனை விட்டுவிட்டுக் கொடுக்கவே கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். தேநீருக்கு எங்களிடம் காசு வாங்கக் கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிற்பகல் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, கல்கியின் முயற்சியால் எழுந்து 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபம், உமறுப் புலவர் நினைவிடம், முத்துசாமி தீட்சிதர் நினைவிடம். வெயில் தலையைப் பிளந்தது. தம்பி கைப்பேசியில் படம் எடுத்ததைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு – திருநெல்வேலி

காலையில் பஸ்ஸில் நெல்லை. வண்ணார்பேட்டையைக் கடக்கும்போது ஐயா எழுந்து நின்றுவிட்டார். ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி கூடிய இடம் இதுதான். வீட்டு முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஞாயிறு மாலைகளில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்து அனுபவித்த கூட்டம். அவர் பாடலை விளக்குவதைவிடச் சொல்லிக் காட்டுவதில்தான் மன்னர் என்பார்கள். பிற்காலத்தில் குற்றாலத்துக்குக் குடிபோனார், கி.ரா.வும் அழகிரிசாமியும் அங்கே தேடிப் போனார்கள்.

ஐயாவுக்கு டி.கே.சி. மேல் பக்தியும் உண்டு, கோபமும் உண்டு. தனக்கு ரசிக்காத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று தள்ளிவிட்டவர் அவர். “நமக்குப் பிடிக்காத பக்கங்களையெல்லாம் எவனோ இடையில் செருகியது என்று சொல்லிவிடலாம் என்றால் எவ்வளவு வசதி!” என்று பஸ்ஸில் சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாலை குறுக்குத்துறைக்குப் போனோம். தாமிரபரணியில் தண்ணீர் நன்றாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, நாமும் வட்டத்தொட்டி போடலாம் என்று கல்படியில் உட்கார்ந்தோம். வட்டமாக உட்காரப் படி இடம் கொடுக்கவில்லை, வரிசையாக உட்கார்ந்தோம். ஐயா கம்பனில் ஒரு பாட்டைச் சொன்னார்.

பக்கத்தில் குளித்துவிட்டு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தவர், பிழிவதை நிறுத்தினார். “இரண்டாவது அடியில் வேகமாகப் போய்விட்டீர்கள், அண்ணாச்சி. இன்னொரு தடவை சொல்லுங்கள்.”

வாழ்நாளெல்லாம் மாணவர்களைத் திருத்தியவரை ஒருவர் ஈர வேட்டியோடு திருத்தினார். ஐயா மறுபேச்சில்லாமல் மீண்டும் சொன்னார், நிதானமாக. அது வேறு பாட்டாகவே கேட்டது.

அவர் அரசு பஸ்ஸில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சட்டத்தைக் கேட்டு ரசித்தார். தன் பங்குக்கு அவர் தோப்பில் முகம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யைச் சொன்னார். மீரான் இதே ஊரில் வத்தல் வியாபாரம் செய்தவர், 2019இல் காலமானார். கையில் நூல் இல்லை என்பதால் வாசித்துக் காட்ட முடியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: “அதில் ஒரு மனிதர் நாற்காலியில் சாய்ந்தபடியே இருப்பார், வீட்டில் உள்ள சாமான் ஒவ்வொன்றாக விலைக்குப் போகும். எங்கள் பெரியப்பா அப்படித்தான் இருந்தார். நான் அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் அவரைத் திட்டுவதை நிறுத்தினேன்.”

இது புகழ்ச்சியில் சேருமா, கதை சொன்னதில் சேருமா என்று எங்களுக்குள் வழக்கு நடந்தது. தீர்ப்பு வரவில்லை. ஆனால் நால்வரில் மூவர் பெயரைக் குறித்துக்கொண்டோம். நான்காமவரான ஐயா ஏற்கெனவே படித்தவர்; அவர் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் படிக்கப் போகிறார் என்றே தோன்றியது.

இரவு அல்வா. கடையில் நின்றபடியே நூறு கிராம் சாப்பிட்டோம். வரிசையில் நிற்கிறவர்கள் முறைக்கிறார்கள். சீக்கிரம் விழுங்க வேண்டும், சூடோ நாக்கைப் பொசுக்குகிறது.

ஜூலை 14, திங்கள் – கடையம் வழியாகக் குற்றாலம்

செங்கோட்டை பாசஞ்சர். சேரன்மகாதேவி தாண்டியதும் இரு பக்கமும் பச்சை, மேற்கே மலை. எதிரில் ஓர் ஆச்சியும் பேத்தியும். பேத்திக்கு ஐந்தாம் வகுப்புக்குரிய அலட்சியம் முகத்தில் இருந்தது. எங்கள் மடியில் ஆளுக்கொரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஆச்சி, “இவளுக்குப் படிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார்.

நால்வரும் பையைக் குடைந்தோம். பஞ்சம், யுத்தம், சாதிக் கலவரம், நொடித்துப்போன குடும்பம். ஐந்தாம் வகுப்புக்கு ஒன்றும் தேறவில்லை. கோவில்பட்டி உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது என்று தம்பி தகவல் சொன்னான். தகவலை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும்?

“பேய்க் கதை இருக்கிறதா?” என்றாள் அவள்.

ஐயா கண் பளிச்சிட்டது. “புதுமைப்பித்தன் எழுதியிருக்கிறார், காஞ்சனை என்று” – அக்கா அவர் தொடையில் கிள்ளினார். உடனே சுதாரித்துக்கொண்டு, கி.ரா. திரட்டிய நாட்டுப்புறக் கதைகளில் ஒரு பேய்க் கதையை நினைவிலிருந்தே சொன்னார். பக்கத்துப் பெட்டி ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் கூடையை இறக்கி வைத்துவிட்டார். முடிந்ததும் எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தோம்.

“எங்கள் ஆச்சி சொல்லுவதில் இன்னும் பயமாக இருக்கும்” என்றாள்.

பதிலுக்கு எங்களுக்கும் ஒன்று சிபாரிசு செய்தாள். பள்ளி நூலகத்தில் இருக்கிறதாம். பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது, அட்டையில் யானை இருக்கும். உள்ளே யானை கிடையாது. “அதுதான் நன்றாக இருக்கும்” என்றாள். எத்தனையோ மதிப்புரை படித்திருக்கிறேன். இவ்வளவு ஆசையைக் கிளப்பியது இல்லை. ஆச்சி எங்களுக்கு ஆளுக்கொரு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தார், பத்து ரூபாய்க்கு நான்கு. காசு கொடுக்க வந்த தம்பியின் கையைத் தட்டிவிட்டார்.

கீழக்கடையத்தில் ரயில் நின்றது. பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1920இல் பாரதி இங்கிருந்துதான் தன் நூல்கள் எல்லாவற்றையும் அச்சிட உதவி கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடச் சாதாரணமாக, விரைவாகத் தன் புத்தகங்கள் விற்றுப் பரவும் என்று அதில் எழுதினார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். தீப்பெட்டி ஊரான கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த எங்களுக்கு அது கொஞ்சம் உறைத்தது. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

குற்றாலத்தில் சாரல். பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதி ஊதியே களைத்திருந்தார். ஐந்தருவிக்குப் போனோம். அருவிக்கு அடியில் நிற்கும்போது மட்டும் தம்பி சிங்காரத்தைப் பற்றிப் பேசவில்லை. வாயைத் திறக்க முடியாது. இரவு செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டோம். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை அவர்களே ஊற்றிப் பிசைந்தும் கொடுக்கிறார்கள்.

திரும்பி வந்தால் விடுதியில் வினை காத்திருந்தது. சீசன் என்று ஓர் அறைக்கு 2,800 ரூபாய் வாங்கியவர்கள், மூடாத ஜன்னலுள்ள அறையைக் கொடுத்திருக்கிறார்கள். கொக்கியே இல்லை. ஆண்கள் அறையில் ஜன்னலுக்கு அடியில் தம்பியின் பை. சாரல் மூன்று மணி நேரம் உள்ளே அடித்திருக்கிறது. வரவேற்பில் கேட்டால், “குற்றாலத்துக்கு நனையத்தானே வருகிறார்கள்” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூலை 15, செவ்வாய் – குற்றாலம், தென்காசி

'புயலிலே ஒரு தோணி' பூரி போல உப்பியிருந்தது. தம்பி இஸ்திரிப் பெட்டி கேட்டு ஓடினான். நான் தடுத்தேன். சூடு பட்டால் தாள் சுருண்டுவிடும், பசை இளகிப் பக்கம் கையோடு வரும். முதலில் துண்டில் வைத்து மெதுவாக ஒற்றி நீரை எடுக்க வேண்டும். பிறகு சில தாள்களுக்கு ஒன்றாக உலர்ந்த காகிதத்தைச் செருகி, மின்விசிறிக்கு எதிரே விரித்து நிறுத்த வேண்டும். காகிதம் ஈரத்தைக் குடித்ததும் எடுத்துவிட்டு வேறு செருக வேண்டும். அன்றைய செய்தித்தாள் உதவாது, மை ஒட்டிக்கொள்ளும், பழையது பரவாயில்லை. விடுதியில் அறை துடைக்கும் பையன் ஒரு கட்டு பழைய பேப்பரைத் தலையில் சுமந்து வந்தான். பணம் கொடுத்ததற்கு வாங்கவில்லை. “அந்த ஜன்னலை நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அக்கா” என்றான்.

ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்கப் பொறுமையான கை வேண்டும். ஐயாவிடம் கொடுத்தோம். ஓரத்தில் நகத்தை நுழைத்து, ஊதி, இரண்டு விரலால் நழுவவிட்டுப் பிரித்தார். பிரித்த பக்கத்தில் காகிதம் செருக வேண்டும். செருகவில்லை. கண் அந்தப் பக்கத்திலேயே நின்றது. ஜப்பானியர் மெடானுக்குள் நுழையும் இடம், நாவலின் தொடக்கம். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் காலை மிதித்தார்.

பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். பதினொன்றரைக்கும் ஐயா ஈரத் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார், மிகவும் மெதுவாக. சிங்காரம் இந்தோனேசியாவில் இருந்தவர், பிறகு மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தவர், 1972இல்தான் இந்த நூல் வெளிவந்தது என்றெல்லாம் தம்பி இத்தனை நாள் சொல்லிச் சாதிக்காததை ஒரு கொக்கியில்லாத ஜன்னல் சாதித்துவிட்டது. விடுதிக்காரரை மன்னிக்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

தென்காசி பஸ் நிலையத்தில் ஐயா புத்தகக் கடையைத் தேடினார். போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் சமையல் குறிப்புகளும் ராசிபலனும் இருந்தன. ஒரு பலகையில் 'புத்தககங்கள்' என்று எழுதியிருந்ததைச் சொன்னேன், கடைக்காரர் நன்றி சொன்னார், அவ்வளவுதான். “சரி, உன்னுடையதையே கொடு, படித்துவிட்டுத் தருகிறேன்” என்றார் ஐயா.

தம்பி முகம் மாறிவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் படிக்கச் சொன்னவன், தன் பிரதியைக் கொடுப்பதாக யாரிடமும் சொன்னதில்லை. “ஐயா, ஈரமாக இருக்கிறதே” என்றான். “எனக்குச் சளி பிடிக்காது” என்றார் அவர்.

மதுரை பஸ்ஸில் ஐயா ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தார். ராஜபாளையத்தில் இருட்டிவிட்டது. தம்பியின் கைப்பேசி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். இடையில் ஒரே முறை தலையை நிமிர்த்தி, யுத்தம் தனக்கு ஒத்துவரவில்லை, ஆனால் மதுரைத் தெருக்கள் நினைவில் வரும் இடத்தில் ஆள் தெரிகிறான் என்றார். இதற்கு அபராதம் உண்டா என்று நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை, எல்லோருக்கும் தூக்கம்.

மாட்டுத்தாவணியில் இறங்கியதும் தம்பி கையை நீட்டினான். அடுத்த மாதக் கூட்டத்தில் தருவதாகச் சொல்லிவிட்டு ஐயா பைக்குள் வைத்துப் பூட்டினார். எந்தத் தேதி என்று எழுதித் தரச் சொல்லி, தம்பி பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நின்றான்.